சத்தம் அடங்கினால் வலி அடங்கியதா?

மதுரைக்கு மேற்கே ஒரு அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸாகச் சேர்ந்த புதிதில், வலி ஊசி கேட்டதா இல்லையா என்பதை நாங்கள் காதை வைத்தே முடிவு செய்தோம். கத்தல் நின்றால் ஊசி கேட்டுவிட்டது. அவ்வளவுதான் கணக்கு.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தலைப்பிரசவம். கர்ப்பவாய் 4 சென்டிமீட்டர் திறந்திருந்தபோது பெத்தடின் என்ற வலி ஊசி போட்டோம். அரை மணி நேரத்தில் கண் சொருகிவிட்டது. வார்டும் அமைதியானது. மறுநாள் பி.பி. பார்க்கும்போது, "ஊசி போட்டதும் நல்லாத் தூங்கிட்டியே தாயி" என்றேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "தூங்கலக்கா. கத்தத்தான் தெம்பில்ல. வலி அப்படியேதான் இருந்துச்சு."

குறையாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

பெத்தடின் பலருக்கு வலியைக் குறைப்பதைவிட மயக்கத்தைத்தான் அதிகம் தருகிறது. தாய்க்குப் போட்டது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். பிறப்பதற்குச் சில மணி நேரம் முன்னால் போட்டிருந்தால் பிள்ளை மூச்செடுக்கச் சுணங்கலாம். ட்ரோட்டாவெரின் கதை வேறு. அது கர்ப்பவாய் இளகுவதற்காகப் போடுவது. ஆனால் "வலிக்கு ஊசி போட்டாச்சு, பேசாமப் படு" என்று அதைப் போட்டுவிட்டும் சொல்லியிருக்கிறோம். அந்தப் பெண்கள் எங்களை நம்பினார்கள். இன்றைக்கும் நினைத்தால் மனசு கேட்பதில்லை.

பிறகு மதுரை நகருக்குள் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தேன். முதுகில் ஊசி போட்டு மெல்லிய குழாய் வைத்து, அதன் வழியாக மரக்கும் மருந்து செலுத்தும் எபிட்யூரலை அங்கேதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிரசவ வலிக்கு இருப்பதிலேயே நன்றாகக் கேட்பது அதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 20 நிமிடம் முன்பு கட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்கியவள் புருஷனிடம் பிள்ளைக்குப் பெயர் பேசிக்கொண்டிருப்பாள். முதுகில் ஊசி போட்டால் காலத்துக்கும் இடுப்பு வலி என்று மாமியார்கள் பயப்படுவார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், காலத்துக்கும் நிற்கும் வலிக்கு இதைக் காரணம் சொல்ல ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. ஆபரேஷனில் கொண்டுபோய் விடும் என்பதும் அப்படித்தான். பி.பி. இறங்கலாம், முக்கும் நேரம் நீளலாம், அதனால்தான் பக்கத்திலேயே நிற்கிறோம்.

ஆனால் எபிட்யூரலும் எல்லோருக்கும் முழுசாகக் கேட்பதில்லை. ஒரு இரவு, மேலூர்க்காரப் பெண். மருந்து போய்க்கொண்டிருந்தது, கேஸ் ஷீட்டில் 'வலி இல்லை' என்று எழுதியும் வைத்திருந்தார்கள். அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "வலிக்குதாம்மா?" என்றேன். "ஒரு பக்கம் மட்டும்க்கா. இவ்வளவு செலவு பண்ணிட்டாங்க, எப்படிச் சொல்றதுன்னு..." ஐஸ் கட்டியை இடது தொடையில் வைத்தேன். "ஏதோ தொடுற மாதிரி இருக்கு." வலது தொடையில் வைத்ததும் காலை வெடுக்கென்று இழுத்தாள். மயக்க மருந்து டாக்டரை எழுப்பினேன். வந்து பார்த்தவர், வலப் பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, முதுகில் இருந்த குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மருந்தைக் கூட்டினார். கால் மணி நேரம் கழித்து வலது பக்கம் ஐஸ் வைத்தபோது அவள் கால் அசையவில்லை.

தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி 2 மணிக்கு இதற்கு ஒரு மயக்க மருந்து டாக்டர் கிடைப்பாரா? பெரும்பாலும் கிடைக்க மாட்டார். அதனால் அங்கே எதுவுமே முடியாது என்று இல்லை. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த லக்ஷயா திட்டம், பிரசவ அறையில் துணைக்கு ஒரு ஆளை அனுமதிக்கச் சொல்கிறது. அம்மாவோ அக்காவோ இடுப்பை அமுக்கிவிட்டுக்கொண்டு கூடவே நின்றால் வலி ஊசி தேவைப்படுவது குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன, நானும் கண்டிருக்கிறேன். வலி போய்விடுவதில்லை. பயம் பாதி இறங்கிவிடுகிறது.

எனக்கு இன்னும் மனசு ஆறாதது, பிள்ளை பிறந்த பின் கிழிந்த இடத்தில் போடும் தையல்தான். மரத்துப்போக லிக்னோகெய்ன் குத்திவிட்டு, அது வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடம்கூடப் பொறுக்காமல் தைக்கும் அவசரம். "பிள்ளையே பெத்துட்ட, இதத் தாங்க மாட்டியா?" என்று கேட்ட குரல்களில் ஒரு காலத்தில் என் குரலும் இருந்தது.

போன வாரம் தையலுக்கு முன் இடுக்கியால் லேசாகக் கிள்ளி, "தெரியுதா?" என்றேன்.

"தெரியுதுக்கா."

கையை எடுத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றேன். பின்னால் இன்னொரு கட்டிலில் இருந்து கூப்பிட்டார்கள். முள் இன்னும் இரண்டு சுற்று வரட்டும் என்று நின்றேன்.