உப்புத் தண்ணிக்கு ஏற்ற மீன்

எங்கள் ஏரியா போர் தண்ணியைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. பக்கெட்டில் வெள்ளை படியும், ஷவர் ஓட்டை அடைத்துக்கொள்ளும், பருப்பு வேகாது. மீன் வளர்ப்பவர்கள் பாடு இன்னும் மோசம். டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா என்று உப்பில்லாத தண்ணீர் கேட்கும் மீன்களுக்கு ஆசைப்பட்டால் வாராவாரம் ஆர்.ஓ. தண்ணீர் கலந்தே ஓய்ந்துவிட வேண்டும். நானும் கொஞ்ச காலம் அப்படி மல்லுக்கட்டிவிட்டு, இந்தத் தண்ணியிலேயே சந்தோஷமாக இருக்கும் மீன் எது என்று தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் ஷெல் சிக்லிட் வீட்டுக்கு வந்தது. சிக்லிட் என்ற மீன் குடும்பத்தில், காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் சின்ன மீன்கள் இவை.

ஆப்பிரிக்காவின் டாங்கன்யிக்கா ஏரிதான் இவற்றின் ஊர். தான்சானியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, புருண்டி, சாம்பியா என நான்கு நாடுகளுக்கு நடுவே, சுமார் 1,470 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் ஏரி. அதன் தண்ணீர் பி.எச். 9-ஐ ஒட்டி, அதாவது காரத்தன்மை கூடியதாக இருக்கும், கார்பனேட்டும் அதிகம். அங்கே நியோதௌமா என்று ஒரு நத்தை. அது செத்த பிறகும் ஓடு கரைவதில்லை, தண்ணீர் அப்படி. காலங்காலமாகச் சேர்ந்த ஓடுகள் ஏரியின் தரையில் பெரிய பெரிய பரப்புகளாகக் கிடக்கின்றன. ஒதுங்க ஒரு பாறைகூட இல்லாத மணல்வெளியில் சின்ன மீனுக்கு அதைவிட நல்ல வீடு ஏது?

நான் வளர்ப்பது மல்ட்டிஃபேசியாட்டஸ். வளர்ப்பவர்கள் வாயில் 'மல்ட்டி'. உலகின் மிகச் சிறிய சிக்லிட்களில் ஒன்று. ஆண் நாலு, நாலரை சென்டிமீட்டர், பெண் அதைவிடச் சின்னது. சாம்பல் உடம்பில் மெல்லிய பழுப்புக் கோடுகள், நீலம் மின்னும் கண். அவ்வளவுதான் அழகு. அம்மா பார்த்துவிட்டு, "இது ஜிலேபி குஞ்சு மாதிரி இருக்கே, இதுக்கா இவ்வளவு காசு?" என்றார். அம்மா சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஜிலேபி கெண்டையும் சிக்லிட் குடும்பம்தான்.

டேங்க் இரண்டடி நீளம், ஓரடி அகலம் போதும். உயரத்தால் பயனில்லை, தரைதான் முக்கியம். மணல் இரண்டு, மூன்று அங்குலமாவது வேண்டும். எம் சாண்ட் வேண்டாம். அதன் முனைகள் கூர்மையானவை, இந்த மீனோ நாள் முழுக்க மணலை வாயால் அள்ளுகிற ஜென்மம். நன்றாகச் சலித்துக் கழுவிய ஆற்று மணல்தான் சரி. ஓட்டுக்கு அத்தையைப் பிடித்தேன். மன்னார்குடி பக்கம் அவர் வயலில் செத்த நத்தை ஓடுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பை நிறைய அனுப்பினார். கொதிக்க வைத்த அன்று வீடு முழுக்க நாற்றம், அதை விடுங்கள். ராமேஸ்வரம் கடைகளில் கிடைக்கும் பளபளா சங்குகளில் பலவற்றுக்கு வார்னிஷ் அடித்திருப்பார்கள். அவற்றை உள்ளே விடக்கூடாது.

ஓடுகளை நான் ஒரு மூலையில் அழகாக அடுக்கினேன். மறுநாள் காலையில் அந்த அழகைக் காணோம். மல்ட்டி ஓட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து வாய் நிறைய மணலை எடுக்கும், நாலு விரற்கடை தள்ளிப் போய்த் துப்பும், திரும்பி வரும். சலிப்பே கிடையாது. ஓடு மெல்ல மெல்லப் பள்ளத்தில் இறங்கும், சுற்றிலும் மணல் மேடு எழும். பக்கத்து வீட்டுக்காரனின் மேடு எல்லை தாண்டினால் வாய் விரித்துச் சண்டை. கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் ஆண் மீன் நேராக விரலுக்கு வரும். கடித்தால் வலிக்காது, ஆனால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளத் தோன்றும்.

குஞ்சு பொரிப்பது நமக்குத் தெரியவே தெரியாது. பெண் ஓட்டுக்குள் முட்டையிடும், ஆண் வாசலில் நின்று வேலையை முடிக்கும். ஒரு நாள் உணவு போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தால் ஓட்டின் உதட்டில் இரண்டு கருப்புப் புள்ளிகள். கண்கள். உடம்பு கண்ணாடி போல இருப்பதால் கண் மட்டும்தான் முதலில் தெரியும். நம் நிழல் விழுந்ததும் மறைந்துவிடும். நாளாக நாளாக வாசலைவிட்டு ஒரு அங்குலம், அப்புறம் இரண்டு அங்குலம். வளர்ந்த குட்டிகளையும் கூட்டம் விரட்டுவதில்லை. தாத்தா பேரன் எல்லாம் ஒரே தெருவில். உணவுக்கு முட்டையிலிருந்து பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிர், இல்லாவிட்டால் பொடித்த பெல்லட் தீவனம்.

இனி தண்ணீர். உப்புத் தண்ணி எல்லாம் ஒன்றல்ல. கடல் ஏறிய கிணற்றின் உப்பு வேறு, இந்த மீன் கேட்கிற கார்பனேட் வேறு. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இரண்டையும் கூட்டித்தான் காட்டும். அதனால் கார்பனேட்டைத் தனியாகக் காட்டும் கே.எச். கிட் வாங்கிப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஃபில்டரில் ஒரு துணிப்பையில் கிளிஞ்சல் போடலாம். பவழத் துண்டு வேண்டாம், அது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. இன்னொன்று: பி.எச். ஏறினால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் விஷமும் ஏறும். ஃபில்டர் பழகாத, அதாவது அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா இன்னும் வளராத புது டேங்க்கில் இவற்றை விட்டுவிடாதீர்கள். மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது மேலே ஒரு சின்ன ஃபேன் வைக்கிறேன். ஆவியாகிக் குறைந்ததை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஆவியில் போவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கும்.

குட்டி கேட்டு நண்பர்கள் வருகிறார்கள். வலையை விட்டால் எல்லாம் ஓட்டுக்குள் போய்விடும், குலுக்கினால் இன்னும் உள்ளே. குச்சி விட்டுக் குத்துகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். மீனைக் கொல்கிற வேலை அது. ஓட்டை வாய் கீழாகப் பிடித்து, ஒரு டப்பா தண்ணீருக்கு மேலே மெதுவாகத் தூக்கினால், உள்ளிருக்கும் தண்ணீர் வடிய வடிய மீனும் தானே வழுக்கி விழும். விழாவிட்டால் நான் வற்புறுத்துவதில்லை, ஓட்டோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறேன். அத்தை வயலில் இப்போது உளுந்து, நத்தை கிடைப்பதில்லை. அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன்: மீன் இலவசம், வருகிறவர்கள் ஆளுக்கொரு காலி ஓடு கொண்டுவர வேண்டும்.