பனித்தள்ளி பிளேடுக்கு இறக்கை மாட்டலாமா?

பிக்கப் வண்டியின் பனித்தள்ளி பிளேடுக்கு இரு பக்கமும் இறக்கை எனப்படும் நீட்டிப்பு மாட்டலாமா என்று கேட்கிறார்கள். லேசான பனி என்றால் தாராளமாக மாட்டுங்கள். 8 அடி பிளேடை 30 டிகிரி சாய்த்தால் சுத்தமாவது ஏறக்குறைய 7 அடிதான். அந்த இழப்பை இறக்கைகள் ஈடுகட்டிவிடும். ஓரத்தில் வழிந்து வரப்பு கட்டும் பனியும் குறையும்.

கனத்த பனியில் கதையே வேறு. புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 50 முதல் 100 கிலோ. ஈரம் ஏறிய பனி 300 கிலோவைக்கூடத் தாண்டும். அகலம் கூடினால் பாரமும் கூடும், அதுவும் பிளேடின் நுனியில். அந்த நுனிப் பாரம்தான் ஆபத்து: சட்டத்தை முறுக்கும், பிளேடை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிரிங் சீக்கிரமே விட்டுக்கொடுக்க, பிளேடு மடங்கி பனியை அப்படியே விட்டுவிட்டுப் போகும், டயர் வழுக்கும், கியர்பாக்ஸ் சூடேறும்.

சிறிய வண்டி என்றால் அன்றைக்கு இறக்கைகளைக் கழற்றிவிடுங்கள், தயவுசெய்து. கழற்ற வழியில்லையா? பாதி அகலம் மட்டும் பிடித்துத் தள்ளுங்கள். பனி ஓயும்வரை காத்திராமல் இடையிடையே ஒரு சுற்று போய் வாருங்கள். ரப்பர் இறக்கை நடைபாதை விளிம்பில் இடித்தாலும் தாங்கும், ஆனால் இறுகிய பனியில் வளைந்து கொடுத்துவிடும். அங்கே எஃகுதான் நிற்கும்.