வெயில் இருக்கும்போதே புல்லைக் காயவை

'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்ற ஆங்கிலப் பழமொழிக்கு, வாய்ப்பு வரும்போதே பயன்படுத்திக்கொள் என்று பள்ளியில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அதற்குள் ஒரு விவசாயியின் பயம் இருப்பதை யாரும் சொல்வதில்லை. இங்கிலாந்தில் கோடையிலும் மழையை நம்ப முடியாது. புல்லை அறுத்துப் பரப்பி, புரட்டிப் புரட்டிப் போட்டு, சில நாள் நல்ல வெயிலில் காய்ந்தால்தான் குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீவனம். நடுவில் நனைந்தால் பூஞ்சை. ஈரத்தோடு போர் போட்டால் இன்னும் மோசம், உள்ளுக்குள்ளேயே சூடு ஏறித் தானாகத் தீப்பிடிக்கவும் கூடும், இன்றைக்கும் இது நடக்கிறது! 1546-இல் அச்சான ஆங்கிலப் பழமொழித் தொகுப்பிலேயே இந்தப் பழமொழி இருக்கிறது. நம்ம ஊர் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' கூட நெற்களத்தில் பிறந்ததுதானே. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அர்த்தத்தோடு அந்தப் புல்வெளியையும் சேர்த்துச் சொல்லுங்கள், ப்ளீஸ்.