மிஷினை மடக்காதீங்க, ரெக்கையை மடக்குங்க

அலுமினியம் ஜன்னல், பார்ட்டிஷன் வேலை பாக்குற கடைங்க மதுரையில நெறைய ஒரு ஷட்டர் கடைதான், 10 அடி அகலம் 20 அடி நீளம் இருந்தாலே பெரிய இடம்னு சொல்லணும், அதுக்குள்ள 12 அடி நீள அலுமினியம் பாரு, அதாவது செக்ஷன், அடுக்கணும், கண்ணாடி சாத்தணும், ஃப்ரேம் போட்டு அடிக்க தரை வேணும், நடுவுல கட்டிங் மிஷின் வேற. எங்க கடையில மிஷின் ஒரு இரும்பு ஸ்டாண்டு மேல நடு ஹால்ல நின்னுச்சு. 6க்கு 4 ஜன்னல் ஒண்ணு தரையில போட்டா ஆள் நடக்க வழி இருக்காது, மிஷினை ரெண்டு பேர் புடிச்சு ஓரம் கட்டி, திரும்ப வெட்டணும்னா திரும்ப இழுத்து, இதுலயே பாதி நாள் போயிரும்.

சுவத்துல மடக்கு டேபிள் போட்டுரலாம்னு மொதலாளி சொன்னாரு. நான் இதுமாதிரி டேபிளை வேற பட்டறைங்கள்ல பாத்துருக்கேன். போட்ட புதுசுல மடக்குவாங்க, அப்புறம் வருஷம் பூரா விரிச்சேதான் கெடக்கும். காரணம் சோம்பேறித்தனம் இல்லங்க. 10 இன்ச் பிளேடு போட்ட மிஷின் 15 கிலோ கிட்ட வரும், மடக்கணும்னா அதை போல்ட் கழட்டி தரையில எறக்கணும், காலையில திரும்ப ஏத்தணும், ஏத்துன பிறகு ஃபென்ஸ், அதாவது பாரை ஒட்டி வைக்கிற பின்பக்கத் தடுப்பு, நேரா இருக்கான்னு மூலமட்டம் (90 டிகிரி பாக்குற சட்டம்) வச்சுப் பாக்கணும். எங்க ஹெல்பர் தம்பி நேராவே கேட்டான், "அண்ணே, தினம் இதை நான்தானே தூக்கணும்?"னு. அவன் கேட்டது நியாயம், ஒருத்தன் இடுப்பை அடகு வச்சு இடம் மிச்சம் பண்றதுல எனக்கு உடன்பாடு இல்ல.

அதனால மிஷின் உக்கார்ற 2 அடி மட்டும் மடக்காம நிரந்தரமா வச்சுட்டு, ரெண்டு பக்கமும் பாரைத் தாங்க வர்ற பலகையை, அதான் ரெக்கை, அதை மட்டும் மடக்குறதுன்னு முடிவு பண்ணோம். இடத்தை அடைக்கிறது மிஷின் இல்ல, பாரைத் தாங்குற நீளம்தான். இடது ரெக்கை 6 அடி, வலது 3 அடி. 6 அடி எதுக்குன்னா, 12 அடி பாரோட எடை மையம் நடுவுல 6 அடியில இருக்கு, ஓரத்துல ஒரு துண்டு வெட்டும்போது அந்த மையம் ரெக்கைக்கு வெளிய போயிட்டா பாரு அந்தப் பக்கம் சாஞ்சு இந்தப் பக்கம் எந்திரிக்கும், பிளேடு சுத்திட்டு இருக்கும்போது பாரு எந்திரிச்சா என்ன ஆகும்னு இந்தத் தொழில்ல இருக்கவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

அடுத்த பிரச்சனை சுவரு. தட்டிப் பாத்தா டொக்கு டொக்குன்னு சத்தம், உள்ள வெத்தா இருக்குற சிமெண்ட் கல்லு, ஹாலோ பிளாக். அதுல சாதா ஆங்கர் போல்ட் அடிச்சா உள்ள விரிஞ்சு புடிக்க சதையே கிடையாது. கணக்கு எப்படின்னா, சுவத்துலேந்து 20 இன்ச் நீட்டிட்டு இருக்குற டேபிள் ஓரத்துல 60 கிலோ ஆள் ஒருத்தர் சும்மா சாஞ்சாருன்னு வைங்க, டேபிளைத் தாங்குற பிராக்கெட்டோட உயரம் 8 இன்ச்னா மேல் போல்ட்டை 150 கிலோ வெளிய இழுக்கும், 16 இன்ச்னா 75 கிலோ. உயரம் கூடக் கூட இழுவை கொறையும். அப்ப அந்த உயரத்தை எவ்வளவு வேணா கூட்டலாமேன்னு தோணுச்சு. தரையிலேந்து லிண்டல் பெல்ட் (கதவு உயரத்துக்கு மேல சுவத்துல ஓடுற காங்கிரீட் பட்டை) வரைக்கும் 7 அடிக்கு ஒன்றரை இன்ச் எம்எஸ் இரும்பு சதுர பைப்பை நிறுத்தி, கீழ பேஸ் பிளேட் வச்சு காங்கிரீட்ல ஒரு போல்ட், மேல பெல்ட்டுல ஒரு போல்ட். எடை மொத்தமும் தரைக்கு எறங்கிரும், அதே ஆள் அதே மாதிரி சாஞ்சாலும் மேல இழுவை 15 கிலோகூட வராது. ஹாலோ பிளாக்ல ஒரு ஓட்டைகூடப் போடல. வாடகைக் கடை வேற, நாளைக்கே காலி பண்ணுனாலும் கழட்டி எடுத்துட்டுப் போயிரலாம், கடை ஓனரும் பாத்துட்டு சரின்னுட்டாரு.

ரெக்கைக்கு முக்கால் இன்ச் வாட்டர் ப்ரூஃப் பிளைவுட், அடியில கேட்டு மாதிரி சுவத்தோட ஒட்டி மடங்குற பிராக்கெட். பிராக்கெட்டை உள்ள தள்ளினா பலகை தொங்கி சுவத்தோட படுத்துக்கும், வெளிய மூணு இன்ச்தான் தெரியும். கீல் விஷயத்துல வெல்டர் அண்ணன் சொன்னது நல்ல யோசனை, நீளமா வர்ற பியானோ கீல் வேண்டாம், அலுமினியத் தூள் உள்ள போயி அடைச்சுக்கும், கேட்டுக்கு வைக்கிற வெல்டிங் கீலே போடுங்கன்னாரு. நட்டெல்லாம் நைலாக், அதாவது உள்ள நைலான் வளையம் வச்சது, ஏன்னா மிஷின் அதிர்வுல சாதா நட்டு தானா கழண்டு வந்துரும். பலகை எறங்கும்போது விரல் மாட்டாம இருக்க பைப்புக்கும் பலகைக்கும் நடுவுல ரப்பர் புஷ் வச்சு ஒரு இன்ச் இடைவெளி விட்டோம்.

இதுல அதிக நேரம் எடுத்தது மட்டம் பாக்குறதுதான். மிஷின்ல பாரு உக்கார்ற பெட்டும் ரெண்டு ரெக்கையும் ஒரே மட்டத்துல இருக்கணும், அதனால மிஷின் உக்கார்ற தட்டை பெட் உயரத்துக்கு ஏத்த மாதிரி மூணரை இன்ச் எறக்கி வெல்டு வச்சோம். ரெக்கை ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச், எறங்கினாலே பாரு சாஞ்சு உக்காரும், வெட்டு சதுரம் தப்பும், 45 டிகிரி மூலை சேக்கும்போது மேல ஒட்டும் கீழ வாய் பொளந்து நிக்கும், அதை சிலிக்கான் வச்சு மூடிக் குடுத்தா அடுத்த மழைக்கு அந்த வீட்டு ஜன்னல்ல தண்ணி எறங்கும். ரசமட்டத்தை மட்டும் நம்பல, இந்தக் கோடியிலேந்து அந்தக் கோடி வரை நூல் கட்டிப் பாத்தோம். பிராக்கெட் முனையில தலை மேல் பக்கமா நிக்கிற மாதிரி ஒரு போல்ட், லாக் நட்டோட, பலகை அந்த போல்ட் தலை மேலதான் உக்காரும். நாள்பட கீல் லூசானாலும் 13ஆம் நம்பர் ஸ்பானர்ல அரை சுத்து திருகினா மட்டம் திரும்ப வந்துரும். இந்த போல்ட் இல்லாம மடக்கு டேபிள் யாரு போட்டாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

இப்ப வெட்டு முடிஞ்சதும் தம்பி ஒத்தக் கையில பலகையைத் தூக்கிப் புடிச்சு, இன்னொரு கையால பிராக்கெட்டைத் தள்ளி எறக்கிர்றான், யாரும் சொல்றதில்ல. தரையில ரெண்டு ஃப்ரேமை பக்கத்துல பக்கத்துல போட்டு அடிக்க முடியுது. அடுத்து இடது ரெக்கை மேல ஸ்டீல் டேப் ஒட்டி, நகத்துற மாதிரி ஒரு ஸ்டாப்பர் போடலாம்னு அவனே சொல்லிருக்கான், ஒரே அளவுல இருவது துண்டு வெட்டுறப்போ ஒவ்வொண்ணா அளந்துட்டு இருக்க வேண்டாம்ல. அதுக்கு அரை இன்ச் பட்டை ஒண்ணு ஸ்க்ராப்ல எடுத்து வச்சிருக்கோம்.