காலக்டோஸ் பாதையை லெலுவார் வழியாகப் படித்தது

உயிர்வேதியியல் முதுகலைத் தேர்வுக்குப் படித்தபோது என்னை அதிகம் அலைக்கழித்தது காலக்டோஸ் பாதைதான், அதாவது காலக்டோஸ் என்ற சர்க்கரை குளுக்கோஸ் வடிவத்துக்கு மாறும் வழி. குளுக்கோஸை உடைக்கும் கிளைகாலிசிஸ் எப்படியோ மண்டையில் ஏறிவிடும், அத்தனை முறை எழுதிப் பார்த்திருப்போம். காலக்டோஸில் நொதிகள் குறைவு. ஆனால் யுடிபி (யூரிடின் டைபாஸ்பேட்) ஏன் நடுவில் வருகிறது என்பது பிடிபடவே இல்லை. அதைப் புரியவைத்தது லூயிஸ் லெலுவாரின் ஆய்வு வாழ்க்கை.

அர்ஜென்டினாக்காரர், மருத்துவம் படித்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். 1944-இல் அமெரிக்காவில் கோரி தம்பதியின் ஆய்வகத்தில் சில காலம் இருந்தார். 1947 முதல் பியூனஸ் அயர்ஸில் நன்கொடையில் நடந்த ஒரு சிறிய ஆய்வு நிறுவனம். 1970-இல் வேதியியல் நோபல். வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும். அவர் கேட்ட கேள்விகளைத்தான் வரிசையாகப் பிடிக்க வேண்டும்.

காலக்டோஸ்-1-பாஸ்பேட் ஈஸ்ட் சாற்றில் எப்படி குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஆகிறது? இதுதான் தொடக்கம். நொதியை ஓரளவு சுத்தப்படுத்தினால் வினை நின்றுபோகும். கொதிக்கவைத்த சாற்றைச் சேர்த்தால் மறுபடி நடக்கும். கொதித்த சாற்றில் நொதி பிழைத்திருக்காது. அப்படியானால் வெப்பம் தாங்கும் ஏதோ சிறு மூலக்கூறு துணைக்கு வேண்டும். ஹார்டனும் யங்கும் நொதித்தலில் பார்த்த அதே தர்க்கம் இது, துணைக்காரணி பற்றிய கேள்விகளுக்கு அப்படியே பயன்படும். தேடியதில் கிடைத்தவை இரண்டு. ஒன்று குளுக்கோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட், பாஸ்போகுளுக்கோம்யூட்டேஸ் என்ற நொதிக்குத் தேவையானது. இன்னொன்று 260 நானோமீட்டர் பக்கம் அடினோசின் போலவே ஒளியை உறிஞ்சியது, ஆனால் அச்சு அசலாக அல்ல. அது யூரிடின், முழுப் பொருள் யுடிபி-குளுக்கோஸ்.

சரி, இப்போது பாதையை எழுதிப் பாருங்கள். காலக்டோஸ்-1-பாஸ்பேட் தன் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டே, யுடிபி-குளுக்கோஸிலிருந்து யுஎம்பி (யூரிடினும் ஒரு பாஸ்பேட்டும்) பகுதியை வாங்கி யுடிபி-காலக்டோஸ் ஆகிறது; குளுக்கோஸ்-1-பாஸ்பேட் வெளியே வருகிறது. எபிமரேஸ் என்ற நொதி, யுடிபி-காலக்டோஸை யுடிபி-குளுக்கோஸாகத் திருப்புகிறது. எடுத்த பொருள் திரும்பக் கிடைத்துவிட்டது பாருங்கள். துளி இருந்தாலே வினை ஓடுவது அதனால்தான், சாற்றில் அது துணைக்காரணியாகத் தெரிந்ததும் அதனால்தான். எபிமரேஸில் தேர்வாளர்கள் விரும்பும் ஒரு பொறி உண்டு: ஹைட்ரஜனை ஏந்தும் துணைக்காரணியான என்ஏடி தேவை, ஆனால் நிகரச் செலவு இல்லை. நாலாம் கார்பனில் ஹைட்ரஜனை எடுத்துக் கீட்டோன் ஆக்கி, எதிர்ப்பக்கத்திலிருந்து திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

நோய்க் கேள்விகளும் இதிலிருந்தே வந்துவிடும். யுஎம்பியை மாற்றிக்கொடுக்கும் நொதி பழுதானால் காலக்டோஸ்-1-பாஸ்பேட் தேங்கும், அதுவே கடுமையான காலக்டோசீமியா. காலக்டோஸில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் காலக்டோகைனேஸ் பழுதானால் அந்தப் பாஸ்பேட்டே உருவாகாது. காலக்டோஸிலிருந்து உண்டாகும் காலக்டிட்டால் சேர்ந்து கண்புரை வரும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுங்கள், தனித்தனியாகப் படித்தால் குழம்பும்.

அப்புறம் கிளைகோஜன், உடல் குளுக்கோஸைச் சேமித்துவைக்கும் வடிவம். கோரி தம்பதி கண்ட பாஸ்பாரிலேஸ் நொதி சோதனைக்குழாயில் இரண்டு பக்கமும் வேலை செய்யும். அதனால் கிளைகோஜனைக் கட்டுவதும் அதுவே என்று வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் செல்லுக்குள் பாஸ்பேட் அளவு அதிகம், வினை உடைக்கும் பக்கமே சாயும். 1957-இல் லெலுவாரும் கார்டினியும் யுடிபி-குளுக்கோஸிலிருந்து கிளைகோஜன் கட்டப்படுவதைக் காட்டினார்கள். மாணவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் இங்கேதான் மதிப்பெண் இருக்கிறது. மெக்கார்டில் நோய் பற்றிய கேள்வி வந்தால் பாருங்கள்: தசையில் பாஸ்பாரிலேஸ் இல்லை, ஆனால் கிளைகோஜன் மட்டும் நிறையக் கிடக்கிறது. கட்டும் நொதியும் உடைக்கும் நொதியும் வேறு என்று தெரிந்தவருக்கு விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.