தரவில் இல்லாத தங்கை

அன்று மேடத்துக்கு நான் சொன்ன பதிலில் தவறு இருந்ததாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்தபடி நின்றாரே, அது மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கலைப்புலத்தில் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் நாள், அதாவது இலக்கியம், வரலாறு போன்றவற்றைக் கணினி கொண்டு ஆராயும் துறைக்கான நாள். காலையில் உரைகள், மதியம் பட்டறை, இடைவேளையில் ஆளாளுக்கு ஒரு திரை. எங்கள் திரையில் ஒரு பத்திரிகை ஆசிரியரின் கடிதத் தொகுப்பிலிருந்து எடுத்த வலைவரைபடம் இருந்தது. ஆட்கள் புள்ளிகள், கடிதங்கள் கோடுகள். யாருக்குத் தொடர்புகள் அதிகமோ அவருடைய புள்ளி பெரிது. மேடம் அந்தத் தொகுப்பை, ஸ்கேனர் என்ற பேச்சே இல்லாத காலத்தில், தாள் தாளாகப் படித்தவர்.

“தம்பி, இவருடைய தங்கை எங்கே?”

தேடிக் காட்டினேன். ஓரத்தில், ஒரே ஒரு கோட்டோடு இருந்தார்.

“பத்திரிகை ஓடினதே அந்த அம்மாவாலதான். சந்தாக் கணக்கு, பிழை திருத்தறது எல்லாம் அவங்க கைதான். இவ்வளவு சின்னதாப் போட்டிருக்கீங்களே?”

“நாங்க போடலை மேடம். தரவில் அவ்வளவுதான் இருக்கு.”

“கொஞ்சம் பெரிசாக்க முடியாதா?”

முடியாது என்றேன். ஒரு புள்ளியைக் கையால் பெரிதாக்கினால் மற்ற எந்தப் புள்ளியையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. இதை என்னிடம் இன்று கேட்டாலும் இப்படியேதான் சொல்வேன். ஆனால் ‘நாங்க போடலை’ என்றேனே, அங்கேதான் உறுத்துகிறது.

அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவதில்லை. அப்புறம், ஒருவர் சேர்த்துவைத்த தொகுப்பில் பெரும்பாலும் இருப்பவை அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை ஊர் ஊராக மற்றவர்கள் வீட்டில் கிடக்கும், அல்லது அடுப்புக்குப் போயிருக்கும். ஆக, அட்டவணையில் அனுப்பியவர், பெற்றவர் என்ற இரண்டு நெடுவரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு வரைந்தால், மிக அருகில் இருந்தவர்தான் முதலில் காணாமல் போவார். இது எனக்கு அன்றைக்கே தெரியும். வரைபடத்தின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டும் இருந்தோம். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கடிதங்களுக்குள் அவர் இல்லாமல் இல்லை. ‘உங்கள் தங்கையிடம் கேட்டு எழுதுங்கள்’, ‘தங்கை பார்த்துவிட்டார்களா?’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறார். பெயர் மட்டும் வராது. பெயர்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பெயரைத்தான் தேடுகிறது, உறவைச் சொல்லி ஒருவரைக் குறிப்பிட்டால் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறது. உரையில் எது என்ன என்று கணினிக்குப் புரியும்படி குறியிட நாங்கள் பின்பற்றும் டிஇஐ (டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்) நெறிமுறை 1987-இல் தொடங்கிய முயற்சி. பெயருக்கு ‘பெர்ஸ்நேம்’, பெயர் சொல்லாமல் சுட்டுவதற்கு ‘ஆர்எஸ்’ என்று அதில் தனித்தனிக் குறிகள் உண்டு. முதல் கட்டத்தில் பெயர்கள் மட்டும் போதும் என்று தீர்மானித்தோம். இரண்டையும் எடுத்திருந்தால் பாதித் தொகுப்பைக்கூட முடித்திருக்க மாட்டோம். நியாயமான முடிவுதான். ஆனால் தரவு தானாக முளைத்துவிடவில்லை, யாரோ சிலர் கூடி உட்கார்ந்து எடுத்த முடிவு அது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

தங்கையின் புள்ளி ஓரத்தில் இருந்தது வேறு விஷயம். வலைவரைபடம் வரையும் கெஃபி மென்பொருளில், புள்ளிகளுக்கு இடம் ஒதுக்கும் ஃபோர்ஸ்அட்லஸ்2 முறையில் புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளும், கோடுகள் இழுக்கும். எல்லாம் அடங்கியபின் யார் இடப்பக்கம், யார் மேலே என்பதற்குப் பொருள் கிடையாது. தொடர்பு குறைந்தவர்கள் விளிம்புக்குப் போவதும் அந்த இழுபறியின் விளைவுதான். ஆனால் நடுவில் இருப்பவர் முக்கியமானவர், ஓரத்தில் இருப்பவர் ஒட்டிக்கொண்டவர் என்றுதான் கண் படிக்கிறது. மேடமும் அப்படித்தான் படித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் துறையின் தொடக்கக் கதையாக எல்லாரும் சொல்வது ரொபெர்ட்டோ பூசாவைத்தான். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் எழுத்துகளுக்குச் சொல்லடைவு செய்ய வேண்டுமென்று 1949-இல் ஐபிஎம் தலைவரைப் போய்ப் பார்த்த இத்தாலியப் பாதிரியார். அதற்கு முன்பே ‘இன்’ என்ற லத்தீன் முன்னிடைச்சொல் வரும் வாக்கியங்களைக் கையாலேயே பத்தாயிரம் அட்டைகளில் எழுதியிருந்தார். அவர் தேடிய கருத்து பெரிய கலைச்சொற்களில் அகப்படாமல், யாரும் பொருட்படுத்தாத அந்தச் சின்னச் சொல்லில் இருந்ததுதான் காரணம். அன்று காலை உரையில் இதைச் சொன்னவனே நான்தான். சொல்லி மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது, மேடம் வந்து தங்கையைக் கேட்டார்.

சரி, உறவுச் சொற்களையும் குறியிட்டால் தீர்ந்துவிடுமா? தங்கை பெரிய புள்ளி ஆகிவிடுவார். அச்சுக்கோத்தவர்களையும், கட்டுக் கட்டாக இதழைத் தபாலுக்குக் கொண்டுபோனவர்களையும் எந்தக் கடிதமும் எந்தச் சொல்லாலும் குறிப்பிடவில்லை. அவர்களுக்கு அப்போதும் புள்ளி இருக்காது. அதற்காகத் தங்கையையும் விட்டுவிடலாமா என்றால் அதுவும் சரியாகப் படவில்லை.

இரண்டாம் கட்டத்தில் ‘ஆர்எஸ்’ குறியும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். குழுவில் ஒருவர் உடனே மடக்கினார். ஆசிரியருக்குத் தங்கைகள் இரண்டு பேர். கடிதத்தில் வருவது எந்தத் தங்கை என்று யார் சொல்வது? மேடத்தைக் கேட்கலாம் என்றேன். அப்படியானால் அது கடிதத்தின் தரவா, மேடத்தின் நினைவா என்றார். இரண்டையும் பிரித்துப் பதிய டிஇஐயில் இடம் இருக்கிறது: எவ்வளவு உறுதி என்பதற்கு ஒரு பண்பு, யார் பொறுப்பு என்பதற்கு ஒரு பண்பு. பதிந்துவிடலாம். ஆனால் வரைபடமாகத் திரையில் வரும்போது உறுதியும் தெரியாது, பொறுப்பும் தெரியாது, புள்ளி மட்டும்தான் தெரியும். உறுதியில்லாத கோடுகளை மங்கலாக வரையலாம் என்று ஒரு யோசனை வந்தது. அப்படி வரைந்தால் அந்த அம்மா முழுக்கவே மங்கலாகிவிடுவாரே என்றேன். பேச்சு இப்போது அங்கேதான் நிற்கிறது.