யுவான்மிங்யுவானின் உடைந்த கற்கள்

பெய்ஜிங்கில் இரண்டு நாள்தான் இருந்தேன். அதில் ஒரு காலைப்பொழுதை, ஒருகாலத்தில் சீனப் பேரரசர்களின் அரண்மனைத் தோட்டமாக இருந்த யுவான்மிங்யுவான் பூங்காவுக்கு ஒதுக்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

தாமரைக் குளங்களைத் தாண்டி வடகிழக்கு மூலைக்கு நடந்தால் வெள்ளைக் கல் தூண்கள். சியன்லுங் பேரரசருக்காக இத்தாலிய ஓவியர் கஸ்டிக்ளியோனே 18ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த ஐரோப்பிய பாணி மாளிகைகளின் மிச்சம். இரண்டாம் அபினிப் போரின்போது, 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் இங்கே சூறையாடின. அப்புறம் பிரிட்டிஷ் தூதர் எல்கின் பிரபுவின் உத்தரவில் தீ வைத்தார்கள். மரக் கட்டடங்கள் சாம்பலாயின. கல் மட்டும் நின்றது.

தரையில் கிடந்த ஒரு கல்லின் முன் குந்தி உட்கார்ந்தேன். சிப்பி வடிவச் செதுக்கல், ஒவ்வொரு வரியும் இன்னும் கூர்மையாக இருக்கிறது. சிப்பியின் குழியில் முந்தின நாள் மழைத்தண்ணீர், அதில் ஓர் எறும்பு.

12 விலங்குத் தலைகள் முறை வைத்து நீர் பீய்ச்சி நேரம் காட்டிய நீரூற்று இருந்த இடத்தையும் பார்த்தேன். களவுபோன வெண்கலக் குதிரைத் தலை 2020இல்தான் இந்தப் பூங்காவுக்குத் திரும்பியது.

அந்தப் போருக்கு வந்த பிரிட்டிஷ் படையில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற நம் ஊர்ப் பொறியியல் படைப்பிரிவின் வீரர்களும் இருந்தார்கள். அது நினைவுக்கு வந்ததும் சட்டென்று எழுந்து போக முடியவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தேன்.